இரண்டு நிமிட வேலை

1

இந்தக் கதையை நான் பொறாமையில்தான் எழுத உட்கார்ந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேசை வேம்புவுடையது. நான் ஒரு பக்கம் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அவள் இரண்டு பக்கம் முடிப்பாள், பிழையும் இருக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவள் எழுதிய கதை ஒன்று வாரப் பத்திரிகையில் வந்தது, படத்தோடு. அன்று முழுக்க ஆபீஸே அவள் மேசையைச் சுற்றி நின்றது. நானும் நின்றேன், சிரித்தேன். பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். குறை கண்டுபிடிக்கத்தான். என் வீட்டுக்காரர் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம். நான் எழுதிய எதையும், மளிகைச் சீட்டைத் தவிர, அவர் இரண்டு தடவை படித்ததில்லை.

அந்த எரிச்சலோடு சமையலறையில் நின்றபோதுதான் சாமிக்கண்ணு ஞாபகத்துக்கு வந்தார். பொறாமையைப் பற்றி எனக்குத் தெரிந்த பெரிய கதை அவருடையது ஒன்றுதான். ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன் என்றால், காரணம் வேம்பு. இது 1988. நடந்தது 1979.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே நாலு நாள் போயிற்று.

முதல் தொடக்கம் இது: “1979 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு துப்பாக்கி பின்பக்கமாகச் சுட்டது.” நல்ல வரிதான், ஆளை இழுக்கும். அடித்துவிட்டேன். வேம்பு இப்படித்தான் ஆரம்பித்திருப்பாள்.

இரண்டாவது: “சாமிக்கண்ணு ஓர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத—”

பாதியில் நிறுத்திவிட்டேன். அப்படி ஒரு வரியை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அவர் செய்வதற்கெல்லாம் நான் சாக்குத் தேட வேண்டிவரும்.

மூன்றாவதை அடிக்க மனம் வரவில்லை. அது நிற்கட்டும்.

3

சாமிக்கண்ணுவுக்குத் தன் சகலையைப் பிடிக்காது.

சகலையின் பெயர் கண்ணையன். முதலியார்பேட்டையில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிருஷ்ணசாமிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெயத்தைச் சாமிக்கண்ணு கட்டினார், இளையவள் தனக்கொடியைக் கண்ணையன் கட்டினார். இரண்டு மாப்பிள்ளைகளும் புதுச்சேரியில் ஒரே படையில் வேலை. (எந்தப் படை என்று கேட்காதீர்கள். முதல் வரைவில் ஒரு பெயர் வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். நானே கற்பித்த படை என்று வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் வம்பில்லை.) நான் அங்கே தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன்.

சாமிக்கண்ணு ஆயுதக் கிடங்கில் ஆர்மரர். துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து, எண்ணெய் போட்டு வைக்கிறவர். கண்ணையன் சுடுகிறவர். இருநூறு கஜத்தில் தட்டு வைத்தால் தட்டின் நடுவில் அடிப்பார். ஒருத்தர் துடைத்துவைத்த துப்பாக்கியை எடுத்துப்போய் இன்னொருத்தர் கோப்பையோடு வருவார். கோப்பையைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுப்பார்கள். அந்தப் போட்டோவில் துப்பாக்கி இருக்கும், துடைத்தவர் இருக்க மாட்டார்.

இது ஆபீஸ் கணக்கு. வீட்டுக் கணக்கு வேறு. கண்ணையனின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர், கப்பலேறி இந்தோசீனா வரைக்கும் போய்வந்தவர். கிருஷ்ணசாமி அவரை ‘மிசியே’ (ஐயா) என்றுதான் சொல்வார். அந்த மரியாதை மகன்மீதும் ஒட்டிக்கொண்டது. கண்ணையன் வாசலுக்கு வந்தால், “வாங்க மாப்ள, வாங்க.” சாமிக்கண்ணு வந்தால், “வா சாமிக்கண்ணு.” பதினோரு வருஷம். ஒரு நாளாவது வாய் தவறியாவது மாப்ள என்று வருமா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை.

அந்த மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை. மாமனார் வீட்டில் கண்ணையனின் பெண்ணுக்குக் காதுகுத்து. சாமிக்கண்ணு லீவு போட்டுவிட்டுப் போனார். பந்தியில் கண்ணையன் வளைய வந்து பரிமாறினார். ஜெயத்தின் இலைக்கு முன்னால் நின்று ஏதோ சொன்னார். ஜெயம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். தண்ணீர் புரையேறும் வரை சிரித்தாள். இப்படிச் சிரிக்கத் தெரிந்தவள் என்று சாமிக்கண்ணுவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு முன்னால் இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. அணை கட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்.

(ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காதுகுத்து, பந்தி, மாமனார் கூப்பிடும் விதம் எல்லாம் சாமிக்கண்ணு தன் வாயால் சொன்னவை, எப்போது என்று பிறகு வரும். சிரிப்பை மட்டும் நான் சேர்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்தாரே, அதைத்தான் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். சாமிக்கண்ணுவின் பொறாமையில் ஓட்டை இருந்த இடத்தில் என்னுடையதை வைத்து அடைத்தேன்.)

4

இந்த இடத்தில் கொஞ்சம் துப்பாக்கி பேச வேண்டும். வேம்புவாக இருந்தால் மூன்று வரியில் முடிப்பாள். எனக்கு ஒரு பத்தி வேண்டும்.

அந்த நாளைய துப்பாக்கியில் போல்ட் என்று ஒன்று உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. தோட்டாவைக் குழலின் பின்பக்கத்து அறைக்குள் தள்ளிவிட்டு, வெடிக்கும்போது அது பின்னால் நகராதபடி அணைத்துப் பிடிப்பது அதுதான். ஒரு வீட்டுத் தாழ்ப்பாளை இன்னொரு வீட்டுக் கதவில் மாட்டினால் சில சமயம் கச்சிதமாக இருக்கும், சில சமயம் ஆடும். துப்பாக்கியிலும் அப்படித்தான். பல வருஷம் சேர்ந்து தேய்ந்த குழலும் போல்ட்டும் சேர்ந்தேதான் இருக்க வேண்டும். தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் இடைவெளி ஒரு சிட்டிகை கூடிவிட்டாலும், வெடிக்கும்போது பித்தளைக் கூடு அந்த இடைவெளிக்குள் பின்னால் இழுபடும். இழுபட்டு அடிப்பக்கம் மெலிந்து கிழியும். கிழிந்தால் குண்டு முன்னால் போகும்; நெருப்புக் காற்று பின்னால், சுடுகிறவன் முகத்துக்கு வரும். அதனால்தான் துப்பாக்கியிலும் அதன் போல்ட்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள்.

இடைவெளி சரியா என்று பார்க்க இரண்டு எஃகு வில்லைகள் இருக்கும். ஒன்றின் பெயர் ‘கோ’, மற்றதன் பெயர் ‘நோ-கோ’. நோ-கோ கொஞ்சம் தடிமன். அதை உள்ளே வைத்து போல்ட்டைத் தள்ளினால் மூடக் கூடாது. மூடினால் இடைவெளி அதிகம், அந்தத் துப்பாக்கியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான் சாஸ்திரம்.

சாமிக்கண்ணு காதுகுத்துக்குப் போன புதன்கிழமை, அதிகாரி பார்வையிட வருகிறார் என்று ஹவில்தார் கன்னியப்பன் அவசர அவசரமாகப் போட்டித் துப்பாக்கிகளின் போல்ட்டுகளையெல்லாம் கழற்றி ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினார். திரும்ப மாட்டும்போது எண்ணைப் பார்த்துத்தான் மாட்டினார். ஆனால் கண்ணையனின் துப்பாக்கி எண் 4176. கிடங்கில் மூலையில் கிடந்த இன்னொரு கிழட்டுத் துப்பாக்கியின் எண் 4716; அதன் போல்ட்டும் அதே தட்டில்தான் கிடந்தது. கன்னியப்பனுக்கு அப்போதே வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்பட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் சாமிக்கண்ணு வேலைக்கு வந்தார். வழக்கம்போல் ஒவ்வொன்றாக எடுத்து எண் பார்த்தார். கண்ணையனின் துப்பாக்கியில் கை நின்றது. நோ-கோ வில்லையை உள்ளே வைத்துத் தள்ளினார். போல்ட் வழுக்கிக்கொண்டு போய் மூடியது. திறந்து இன்னொரு தடவை தள்ளினார். மறுபடியும் மூடியது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு போல்ட்டுகளையும் உருவி, இடம் மாற்றிப் போட்டு, ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

அவர் கண்ணையனின் துப்பாக்கியைத் தாங்கியில் திரும்ப வைத்தார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு என்பதில் தப்பொன்றும் இல்லை, போட்டி ஞாயிற்றுக்கிழமைதானே. வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போடுகிற ஆள் அவர் இல்லை என்பது மட்டும்தான் இடித்தது.

5

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை. இரண்டு துப்பாக்கிகளையும் மேசைமேல் படுக்க வைத்துவிட்டார். கிழட்டுத் துப்பாக்கியிலிருந்து போல்ட்டை உருவியும் விட்டார். இன்னொன்றில் கை வைக்கும்போது கிடங்கு ஜன்னலில் சைக்கிள் மணி.

கண்ணையன். கையில் டிபன் கேரியர்.

“சகல, சாப்பாட்ட மறந்துட்டு வந்துட்டீங்களாம். அக்கா குடுத்து அனுப்பிச்சிது.”

“நீ எதுக்கு அங்க போன?”

“பந்திப் பாயைத் திருப்பிக் குடுக்கப் போனேன். உக்காரு உக்காருன்னு சொல்லி அக்கா மீனு வறுத்துப் போட்டுது. நான் சும்மா சொல்லக் கூடாது, தனக்கொடிக்கு இந்தக் கைப்பக்குவம் வராது. ஒங்களுக்கு வெச்சதுலயும் ரெண்டு துண்டு எடுத்துத் தின்னுட்டேன், கோவிச்சிக்காதீங்க.” ஜன்னல் கம்பி வழியாக மேசையை எட்டிப் பார்த்தார். “என்னோடதா அது? நல்லா எண்ண காட்டி வெய்யுங்க சகல. ஞாயித்துக்கெழம ஜெயிச்சா டில்லிப் போட்டிக்கு அனுப்பறேன்னு பெரிய ஆபீசரே சொல்லிட்டாரு.”

“சரி.”

“டில்லியிலேர்ந்து என்னா வேணும் ஒங்களுக்கு? சும்மா சொல்லுங்க.”

“ஒண்ணும் வேணாம்.”

கண்ணையன் போன பிறகு சாமிக்கண்ணு கேரியரைத் திறந்தார். மேல் அடுக்கில் வஞ்சிர மீன் வறுவல். அவர் வீட்டில் வறுக்கும்போது ஒரு தட்டுக்கு நாலு துண்டுதான் இருக்கும். இதில் ஏழு இருந்தது. இரண்டு எடுத்த பிறகும் ஏழு. யாருக்காக இத்தனை வறுத்தாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து, உருவிய போல்ட்டை அது இருந்த கிழட்டுத் துப்பாக்கிக்கே திரும்ப மாட்டினார். கண்ணையனின் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்தார். எண்ணெய் மட்டும் காட்டினார், கேட்டபடி.

சாயங்காலம் நாலு மணிக்கு அதிகாரி வந்து போட்டித் துப்பாக்கிகளைப் பெட்டியில் அடுக்கச் சொல்லி, பூட்டி, அரக்கு வைத்து முத்திரை போட்டார். இனி அதைத் திறக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால், எப்போது தெரியும் என்று கேட்பார்கள்.

6

சனிக்கிழமைதான் எனக்கு இந்த மனுஷர்மேல் சந்தேகம் வருகிறது. வியாழன், வெள்ளி புரிகிறது. என்னைக் கேட்டால் நானும் வேம்புவின் தட்டச்சு ரிப்பனை ஒரு நாளாவது ஒளித்துவைக்க நினைத்தவள்தான். ஆனால் ஒரு நாள் முழுசாக, காலையிலிருந்து பொழுது சாயும் வரை, இதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் எப்படி நடந்தார்? எழுதிப் பார்த்தேன்:

“சனிக்கிழமை முழுக்க அவர் உள்ளத்தில் இரண்டு மிருகங்கள்—”

வேண்டாம். அவர் சொன்னதையே எழுதுகிறேன். காலையில் வைத்திக்குப்பத்துக்குப் போனார், மீன் வாங்க. வாங்கவில்லை. படகு நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு நேராகக் கண்ணையன் வீட்டுக்கு நடந்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனார். கண்ணையன் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். தனக்கொடி முறத்தோடு வாசலில் நின்றாள்.

“வாங்க மாமா. அவர் வர நேரமாவும். எதுனா சொல்லணுமா?”

“ஒண்ணுமில்லம்மா.”

“மொகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குதே. மோரு குடிக்கிறீங்களா?”

“வேணாம்மா. சும்மாதான் வந்தேன்.”

(இந்த இடத்தில் ஜெயம் அங்கே இருந்ததாகவும், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதாகவும் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அது அவருக்குச் செய்கிற உதவி. அன்றைக்கு அவருக்கு எந்தச் சாக்கும் இல்லை. மோர் வேண்டுமா என்று கேட்ட பெண்ணிடம் ஒன்றுமில்லை என்று சொன்னார். நடந்தது அதுதான்.)

7

ஞாயிற்றுக்கிழமையை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நான் அங்கே இருந்தேன். தட்டாஞ்சாவடிப் பட்டறைகளையெல்லாம் தாண்டி, மண்மேடு குவித்த ஒரு திடல். துணிப்பந்தலின்கீழ் மேசை போட்டு, மதிப்பெண் தாளோடு என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

பத்துத் தோட்டா. கண்ணையன் கோணிமேல் குப்புறப் படுத்தார். முதல் மூன்றும் நடுவட்டம். நான் எழுதிக்கொண்டேன். மூன்றாவதற்குப் பிறகு போல்ட்டைத் திறக்கச் சிரமப்பட்டார். உள்ளங்கையால் தட்டித் திறந்தார். விழுந்த கூட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஆர்மரரைக் கூப்பிடுகிற சைகை.

சாமிக்கண்ணு போய்க் குந்தினார். கூட்டை வாங்கிப் பார்த்தார். அடியிலிருந்து விரல் அகலம் மேலே, மோதிரம் போட்ட மாதிரி ஒரு பளபளப்பான வளையம். பித்தளை மெலிந்து கிழியத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் இருபதடி தூரத்திலிருந்து பார்த்தேன்.

“போதும் கண்ணையா. இதுல சுடாத. வேற துப்பாக்கி வாங்கிக்க.”

“ஏன்?”

“கூடு கிழிஞ்சிடும். மொகத்துல அடிக்கும்.”

“மூணும் நடுவுல போயிருக்குது சகல. வேற துப்பாக்கின்னா எனக்குப் பழக்கமில்ல, எட்டுக்கூட வராது. நீங்கதான எண்ண காட்டி அனுப்பிச்சீங்க?”

“ஆமா.”

“அளந்து பாத்தீங்கல்ல?”

சாமிக்கண்ணு கூட்டை விரலில் உருட்டினார். பிறகு, “பாத்தேன்” என்றார்.

“அப்பறம் என்னா?” கண்ணையன் முழங்கையை ஊன்றி எழுந்தார். குரலும் எழுந்தது. “நான் டில்லிக்குப் போறது ஒங்களுக்குப் புடிக்கல. நான் ஜெயிச்சா ஒங்களுக்கு வயிறு எரியும்னு எனக்குத் தெரியாதா? வீட்டுல எல்லாருக்கும் தெரியும் சகல. ஆனா துப்பாக்கிய வெச்சி வெளையாடுவீங்கன்னு நெனைக்கல.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பந்தலுக்குள்ளும் சிரிப்பு. சாமிக்கண்ணுவின் பொறாமை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை பொறாமை மாதிரியே கேட்டது.

“சுடாதடா! சொன்னாக் கேளு!” திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

அதிகாரி பந்தலிலிருந்தே கேட்டார். “என்னய்யா அங்க? துப்பாக்கியில கோளாறா?”

“சந்தேகமா இருக்குது சார்.”

“சந்தேகமா, நிச்சயமா?”

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை நான் மனதுக்குள் அளந்துகொண்டிருக்கிறேன். நாலு மூச்சு இருக்கும். ‘நிச்சயம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் எப்படி நிச்சயம் என்று அடுத்த கேள்வி வரும். ‘போல்ட் மாறியிருக்கு சார்’ என்பார். எப்போது பார்த்தாய் என்பார்கள்.

“பழைய துப்பாக்கி சார்” என்றார் சாமிக்கண்ணு.

அதிகாரி கையை வீசி ‘நடக்கட்டும்’ என்றார்.

நாலாவது தோட்டாவும் நடுவட்டம். ஐந்தாவதற்கு வேறு மாதிரிச் சத்தம் வந்தது, ஓட்டை விழுந்த பானையை அடித்த மாதிரி. புகை முன்னால் வரவில்லை. கண்ணையன் துப்பாக்கியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். கத்தவே இல்லை. முதலில் ஓடிப்போய் அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு கத்தியவர் சாமிக்கண்ணு.

ஐந்தாவது குண்டும் நடுவட்டத்தில்தான் இருந்தது. என் தாளில் ஐந்து முழு மதிப்பெண் எழுதியிருக்கிறேன்.

8

கண் போய்விட்டது. கன்னத்தில் கரும்புள்ளிகளாகப் பித்தளைத் துகள்.

பத்து நாள் கழித்து விசாரணை. சாமிக்கண்ணுவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய என்னைக் கூப்பிட்டார்கள். அறையில் அதிகாரி, அவர், நான். அவர் ஒரு மணி நேரம் பேசினார். மாமனார், காதுகுத்து, மீன் வறுவல், வைத்திக்குப்பம், மோர் எல்லாம். அதிகாரி பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் எதை அடிப்பது என்று தெரியாமல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சாமிக்கண்ணு என்னைப் பார்த்துச் சொன்னார், அதிகாரியைப் பார்த்து அல்ல:

“எனக்குத் தெரியும்மா. வியாழக்கெழமையே தெரியும்.”

என் விரல் ‘எ’ மேல் இருந்தது.

“அத அடிக்க வேணாம்மா” என்றார் அதிகாரி. “வருத்தத்துல பேசறார். துப்பாக்கி பழசு. இவர் எச்சரிச்சார், அவன் கேக்கல. அம்பது பேர் காதால கேட்டிருக்காங்க. அத மட்டும் அடிங்க.” முத்திரை வைத்த பெட்டியில் அவருடைய முத்திரைதானே இருந்தது.

அதை மட்டும் அடித்தேன். நாலு பிரதி, நடுவில் மூன்று கார்பன். நான் தற்காலிகம். நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில் இருந்தது. சாமிக்கண்ணு படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

உரிய நேரத்தில் எச்சரித்ததற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை மாமனார் வீட்டில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அன்றிலிருந்து கிருஷ்ணசாமி அவரை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தார். சாமிக்கண்ணு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கிடங்கிலிருந்தும் மாற்றல் கேட்டு வாங்கி வண்டிப் பிரிவுக்குப் போனார். கண்ணையனுக்கு டெலிபோன் அறையில் வேலை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது சாமிக்கண்ணுதான். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போவார்.

9

இங்கே முடித்திருக்கலாம். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் சாமிக்கண்ணு ஜெயத்திடம் எல்லாவற்றையும் சொல்கிறார். அவள் கேட்டுவிட்டு, “எனக்கு அவர்மேல என்னா இருந்துதுன்னு நெனச்சீங்க?” என்று கேட்கிறாள். வசனம் நன்றாக இருந்தது. ஆனால் ஜெயத்தோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

இன்னொன்றில் கன்னியப்பன் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு 4716-ஐப் படித்து, ஓடிப்போய்க் கண்ணையனிடம் சொல்கிறார். அது ரொம்ப சௌகரியம். நிஜத்தில் கன்னியப்பன் அடுத்த வருஷம் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். தான் செய்தது என்னவென்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

மூன்றாவதில் சாமிக்கண்ணு கடலில்—

அதை முடிக்கவே இல்லை. சோம்பேறி எழுத்தாளர்களின் முடிவு அது. அவர் உயிரோடு இருக்கிறார்.

நடந்தது இது. 1986 ஆடி மாதம், வீராம்பட்டினத்துத் தேர். கூட்டத்தில் என் வீட்டுக்காரரைத் தவறவிட்டுவிட்டு ஒரு வளையல் கடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் என்னையே பார்த்தார்.

“நீங்க அந்த டைப் அடிக்கற அம்மாதான?”

கண்ணையன். இளைத்திருந்தார். தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டேன்.

“சகலதான் கூட்டியாந்தாரு. வலப்பக்கம் ஆளு இல்லாம கூட்டத்துல என்னால நடக்க முடியாது. சோடா வாங்கியாறன்னு போயிருக்காரு.” பிறகு கொஞ்சம் கிட்டே வந்தார். “ஒங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குதும்மா. அன்னிக்கு அத்தன பேரு முன்னால அவர வயிறு எரியுதுன்னு சொல்லிட்டேன். எனக்காகக் கத்துன மனுஷன். ஏழு வருஷமா ஒரு வார்த்த சொல்லிக் காட்டல. நானும் மன்னிப்புக் கேக்கலாம்னு வாயத் தொறப்பேன், எழுந்து போயிடறாரு. அதுதான் எனக்குத் தாங்கல. கண்ணு போனதுகூடப் பழகிடிச்சி, இது பழகல.”

நான் கடையிலிருந்து ஒரு வளையலை எடுத்துப் பார்த்தேன்.

“அந்த விசாரணையில ஒரு மணி நேரம் பேசுனாராமே. என்னப்பத்தி என்னம்மா சொன்னாரு? திட்டியிருந்தார்னா மறைக்காம சொல்லுங்க. நல்லாத் திட்டியிருந்தார்னா எனக்கு மனசு ஆறிடும்.”

‘வியாழக்கெழமையே தெரியும்’ என்ற அந்த ஒரு வரி என் வாய்க்குள் வந்து நின்றது. சொன்னால், ஏழு வருஷமாக அவர் சுமக்கும் குற்றம் அவருடையது அல்ல என்று தெரிந்துவிடும். அந்த நிமிஷமே இறக்கி வைத்துவிடலாம். சொன்னால், வலப்பக்கத்தில் நடக்க அவருக்கு ஆள் இருக்காது. சொல்லாவிட்டால், செய்யாத தப்புக்காக ஒருத்தரும், செய்த தப்பைச் சொல்ல முடியாமல் இன்னொருத்தரும், இப்படியே ஒரே சைக்கிளில் போய்க்கொண்டிருப்பார்கள். இதில் எது இரக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: சொன்னால் கதைக்கு நல்ல கட்டம் கிடைக்கும், வேம்புவுக்குக் கிடைக்காத கட்டம் என்று இப்போது, எழுதும்போது, எனக்குத் தோன்றுகிறது. அதனாலேயே என் கையை நான் நம்பவில்லை.

அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பதை எழுதினேன். அடித்தேன். சொல்லாததைச் சொன்னதாக எழுதினேன். அதையும் கோடு போட்டு அடித்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. காகிதத்தை உருவி உங்கள் தட்டச்சு மிஷினில் மாட்டுகிறேன், மீதியை நீங்கள் அடியுங்கள்.

தேர் வடத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் கண்ணையன் காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, இரண்டு கைகளிலும் சோடா பாட்டிலோடு சாமிக்கண்ணு வருகிறார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். நடை நின்றுவிட்டது. கண்ணையன் இன்னும் அவரைப் பார்க்கவில்லை.

“சொல்லுங்கம்மா” என்கிறார்.

சொல்லுங்கள்.